அஸ்தமனத்துக்குப் பிறகு அனுமதி இல்லை

பத்திரகாளி என்ற பெயரைச் சுருக்கிக்கொள்ளச் சொல்லிப் பலர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். வடக்கே பயிற்சிக்குப் போயிருந்தபோது வகுப்பெடுத்தவருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ‘பத்ரா’ என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். “முழுசா நாலு தடவை சொல்லிப் பாருங்க சார், வந்துரும்” என்றாள். அவரும் சொல்லிப் பார்த்தார், வந்துவிட்டது. அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் அவளிடம் எதையும் சுருக்கச் சொல்லவில்லை.

சிவகாசிக்காரி. அப்பா அய்யாதுரை ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கம்பெனி வேறு யாருடையதும் இல்லை, அம்மா சண்முகக்கனியின் அண்ணன் ராஜபாண்டியனுடையது. அய்யாதுரை கம்பெனி கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவரை ‘மொதலாளி’ என்பார், வீட்டுக்கு வந்தால் ‘மச்சான்’ என்பார். இருபது வருசத்தில் ஒரு நாள்கூட இடம் மாற்றிக் கூப்பிட்டதில்லை.

பத்திரகாளி இன்ஜினியரிங் முடித்து, பரீட்சை எழுதி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்குத் தேர்வானபோது ஊரிலேயே அதிகம் சந்தோசப்பட்டவர் ராஜபாண்டியன்தான். விருதுநகர் வழியாகப் போனால் பஸ்ஸில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்த விமான நிலையத்துக்கே அவள் மாற்றலாகி வந்ததும் அவர் பெருமைக்கு அளவே இல்லாமல் போயிற்று. வெளியூரில் இருந்து சரக்கெடுக்க வருகிறவர்களிடம், “ஆகாசத்துல போற பிளேன் எல்லாம் என் மருமக சொன்னாத்தான் எறங்கும், தெரியும்லா?” என்பார். அவள் பக்கத்தில் இருந்தால் நெளிவாள்.

“நான் ஒருத்தி இல்ல மாமா, நெறையப் பேரு இருக்கோம்.”

“இருக்கட்டும். நீ இருக்கேல்ல, அது போதும்.”

அந்தப் பேச்சுத்தான் பின்னால் வினையாக வந்து சேர்ந்தது.

புரட்டாசி மாசம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. ராஜபாண்டியன் கம்பெனிக்குப் புதிதாக ஒரு யூனிட் கட்டி முடித்திருந்தார். திறப்பு விழாவுக்குச் சென்னையில் இருந்து ஒரு அரசு வாரியத் தலைவர் வருவதாக ஏற்பாடு. அவர் விமானத்தில் வந்து இறங்கியதும், அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஏழாயிரம்பண்ணைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. அந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனிக்காரரும் செய்யாத காரியம். யூனிட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலைச் சமப்படுத்தி, வெள்ளைச் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, அதிகாரிகளிடம் முறைப்படி அனுமதியும் வாங்கிவிட்டார். விருந்தாளி வந்து இறங்கியதும் வானவெடிக் காட்சி.

விழாவுக்கு முந்தின வாரம் பத்திரகாளியிடம் போனில் சொன்னார். அவள் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“மாமா, அந்த ஹெலிகாப்டர் கண்ணால தரையப் பாத்துப் பறக்குறது. பொளுது அடையிறதுக்குள்ள அங்கன எறங்கிறணும். சென்னை ஃபிளைட் லேட்டாச்சுன்னா கெளம்ப முடியாது. ஒரு காரையும் தயாரா வச்சுக்கோங்க.”

“நீ டூட்டில இருக்கையில கார் எதுக்குத்தா?” என்று சிரித்தார்.

“நான் இருந்தாலும் அதேதான் மாமா.”

“சரி சரி” என்று போனை வைத்துவிட்டார். பத்திரகாளிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. விழாவுக்கு அம்மா கூப்பிட்டாள். லீவு கிடைக்கவில்லை, டூட்டியில் இருந்தாள்.

அன்று மத்தியானம் வரைக்கும் வெயில் கொளுத்தியது. பிறகு மேற்கே மலைப்பக்கம் மேகம் கறுத்துத் திரண்டு வந்தது. கட்டுப்பாட்டு டவரின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மின்னல் கொடி கொடியாக இறங்கியது. மேற்குப் பக்கமாக இறங்க வேண்டிய விமானங்களை எல்லாம் சுற்றி வரச் செய்து கிழக்குப் பக்கமாக இறக்க வேண்டியதாயிற்று. ரன்வேயோ ஒன்றுதான். ஒன்று இறங்கி விலகிய பிறகுதான் அடுத்தது. அதுவரைக்கும் மற்றவை காத்திருக்க வேண்டும். விமானத்தை நடுவானில் நிறுத்திவைக்க முடியாது, அதனால் ஒரு வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக, நடுவில் ஆயிரம் அடி இடைவெளி விட்டு. கீழே இருப்பது இறங்கியதும் மேலே இருப்பதை ஒரு படி இறக்கிக்கொண்டு வர வேண்டும். சின்ன நிலையம் என்பதால் அன்றைக்கு அந்த அடுக்கு முழுவதும் பத்திரகாளியின் மைக்கில் இருந்தது.

அடுக்கின் அடியில் ஒரு புரொப்பல்லர் விமானம். அதற்கு மேலே பெங்களூரில் இருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக வந்து சேர்ந்தது சென்னை விமானம். விருந்தாளி அதில் இருந்தார். புரொப்பல்லர் விமானத்தின் கேப்டன், இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் எரிபொருள் வைத்திருப்பதாகவும், அதற்கு மேல் என்றால் திருச்சிக்குத் திருப்பிவிடுவதாகவும் சொன்னார். “அடுத்து நீங்கள்தான்” என்று பத்திரகாளி அவருக்குச் சொல்லி முடித்தபோது, ஷிப்டுக்குப் பொறுப்பான சரவணக்குமார் டெலிபோனை வைத்துவிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“பத்திரகாளி, சென்னை ஃபிளைட்டை முன்னால எடுக்க முடியுமான்னு கேக்காங்க.”

“யாரு சார்?”

“கீழேருந்து. பெரிய எடம்.”

“பைலட் ஏதும் அவசரம்னு சொன்னாரா? யாருக்காவது ஒடம்பு சரியில்லையா, எஞ்சின்ல கோளாறா?”

“அதெல்லாம் இல்ல.”

“அப்ப வரிசைப்படிதான் சார். மேல இருக்கறத முதல்ல எடுத்தா, அடியில இருக்கற ரெண்டையும் ஒதுக்கி வழி விட வைக்கணும். அடியில இருக்கற கேப்டனுக்கு அதுக்கு எரிபொருள் இல்ல. அந்த பிளேன்ல இருக்கற அம்புட்டுப் பேரும் திருச்சிக்குப் போகணுமா?”

சரவணக்குமார் நல்ல மனுசர். வேலை தெரிந்தவர். ஆனால் டெலிபோன் மணி அடித்தால் உடம்பு சுருங்கிவிடும் அவருக்கு. “நான் கேட்டதைச் சொன்னேன்” என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

புரொப்பல்லர் விமானம் இறங்கியது. பெங்களூர் விமானம் இறங்கியது. பிறகு சென்னை விமானமும் நனைந்த ரன்வேயில் நீர்த்திவலை பறக்க இறங்கி ஓடி நின்றது. பத்திரகாளி தண்ணீர் குடித்தாள். மேற்கே மேகம் கலைந்து, ஒரு கீற்று மஞ்சள் வெளிச்சம் ரன்வேயின் மேல் விழுந்தது. பார்க்க அழகாக இருந்தது. அவளோ கடிகாரத்தைப் பார்த்தாள். பொழுது சாயப்போகிறது என்று அர்த்தம்.

அவள் நினைத்தது போலவே சற்று நேரத்தில் ஹெலிகாப்டர் பைலட்டின் குரல் வந்தது. விருந்தாளி ஏறி உட்கார்ந்துவிட்டார், கிளப்ப அனுமதி வேண்டும் என்றது குரல். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இப்போதே கிளம்பினாலும், ஏழாயிரம்பண்ணை பொட்டலுக்குப் போய்ச் சேரும்போது அஸ்தமனம் தாண்டியிருக்கும்.

“நீங்கள் போய்ச் சேரும் நேரம் அஸ்தமனத்துக்குப் பிறகு. அனுமதி இல்லை” என்றாள்.

பிறகு அதே குரல், “வேகத்தைக் கூட்டிப் போகிறோம், மறுபரிசீலனை செய்ய முடியுமா?” என்று கேட்டது. யாரோ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்ததைச் சொல்வது போல இருந்தது அந்தக் கேள்வி.

“முடியாது. அனுமதி இல்லை.”

மறு நிமிடமே டெலிபோன் அடித்தது. சரவணக்குமார் எடுத்தார். கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு பத்திரகாளியிடம், “உன் மாமாவாம். உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்” என்றார்.

“மைக்கில இருக்கேன், பேச முடியாதுன்னு சொல்லுங்க சார்.”

சொன்னார். அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது அவளுக்கே கேட்டது. சரவணக்குமார் டெலிபோனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

“வெளிச்சம் நல்லாத்தானே இருக்கு பத்திரகாளி. கொஞ்சம் முன்னப் பின்ன ஆனா என்ன? போயிருவாங்க. நாளைக்கு எனக்கும் உனக்கும் மேலேருந்து கேள்வி வரும்.”

பத்திரகாளி நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தாள்.

“சார், நீங்க சீனியர். போகலாம்னு நீங்க நெனச்சீங்கன்னா, என்கிட்டருந்து பொறுப்ப முறையா வாங்கிக்கிடுங்க. பதிவுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். நீங்க இந்த நாற்காலியில உக்காந்து, உங்க குரல்ல அனுமதி குடுங்க. நான் எந்திரிச்சுக்கிடுறேன். ஆனா என் குரல்ல அது வராது.”

அவள் ஹெட்செட்டைக் கழற்றவில்லை, நீட்டவும் இல்லை. மேசையோரம் கை வைத்தபடி காத்திருந்தாள். சரவணக்குமார் மேற்கே பார்த்தார், ஹெலிகாப்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“வேண்டாம்” என்றார் கடைசியில். “நீ பாரு.”

மூன்றாவது தடவையும் அனுமதி கேட்டு வந்தது. மூன்றாவது தடவையும் அவள் இல்லை என்றாள். இந்தத் தடவை பைலட், “புரிந்தது. நன்றி மேடம்” என்றார். அந்த நன்றி ஒப்புக்குச் சொன்னது போல இல்லை.

டூட்டி முடிந்து கேண்டீனில் டீ குடிக்கும்போது அந்தப் பைலட்டே வந்து எதிரில் நின்றார். நரை மீசை, ராணுவத்தில் இருந்தவர் போல நிமிர்ந்த உடம்பு. “நீங்க முடியாதுன்னு சொன்னதால நான் தப்பிச்சேன். நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா அடுத்த ஆர்டர் எனக்கு வராது” என்றார். பத்திரகாளிக்கு அது பிடிக்கவில்லை. “அடுத்த தடவை நீங்களே சொல்லுங்க சார். எல்லா எடத்துலயும் டவர் இருக்காது. அந்தப் பொட்டல்ல இல்ல” என்றாள். அவர் முகம் சுண்டிப் போயிற்று. டீயை வாங்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

விருந்தாளி காரில் வர மறுத்து, அடுத்த விமானத்திலேயே சென்னைக்குத் திரும்பிவிட்டார். ஏழாயிரம்பண்ணையில் வானம் துடைத்து வைத்தது போலத் தெளிவாக இருந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. வந்த கூட்டத்துக்காக வானவெடி விட்டார்கள். ஒவ்வொன்றும் பூவாக விரிந்ததாம். கூட்டத்தில் எல்லோரும் ஒரே பேச்சு: ‘இந்த வானத்துலயா ஹெலிகாப்டர் வர முடியாதுன்னா அந்தப் புள்ள?’

பத்திரகாளி வார விடுப்புக்குச் சிவகாசி வந்த அன்று ராஜபாண்டியன் வீட்டுக்கு வந்தார். சண்முகக்கனி நீட்டிய காபியை வாங்கவில்லை. அய்யாதுரை எழுந்து நின்றார். “இருங்க மச்சான்” என்றதற்கும் அவர் உட்காரவில்லை.

“நூறு பேரு முன்னால என் மானம் போச்சு. டவர்ல என் மருமக இருக்கான்னு அந்த மனுசன்கிட்ட சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். பேப்பர் படிக்கிற மாதிரி வெளிச்சம் இருந்துச்சு. நான் ஏர்போர்ட்டு வாசல்ல நின்னு பாத்தேன்.”

“கெளம்புற எடத்துல இருந்துச்சு மாமா” என்றாள் பத்திரகாளி. “எறங்குற எடத்துல இருந்திருக்காது. அந்தப் பொட்டல்ல லைட்டு கெடையாது. ஒரு பக்கம் பனை, ஒரு பக்கம் கரண்டுக் கம்பி. பக்கத்துலயே வானவெடிக்குக் குழாய் நட்டு வச்சிருந்தீக.”

“ஒண்ணும் ஆகியிருக்காது.”

“ஆகியிருக்காதுதான்.”

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

“நூறு தடவ விட்டா நூறு தடவயும் ஒண்ணும் ஆகாமப் போகலாம் மாமா. அதுக்காக நான் விட மாட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிச் சொல்லித்தான் நம்ம பக்கத்துல நாலு பேரு இருக்க வேண்டிய வெடிமருந்து ரூம்ல பத்துப் பேர உக்கார வைக்காக. ஒவ்வொரு வருசமும் எத்தன வீட்டுல எளவு விழுது? அவங்க எல்லாரும் முந்தின நாளு வரைக்கும் ஒண்ணும் ஆகாதவங்கதான்.”

சண்முகக்கனி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

ராஜபாண்டியன் அவளிடம் பேசுவதை விட்டுவிட்டு அய்யாதுரையிடம் திரும்பினார். “மாப்ளே, ஒம்ம மக என் கம்பெனியப் பேசுதா. கேட்டுக்கிட்டு நிக்கீரு.”

அய்யாதுரை தரையைப் பார்த்தார்.

“சென்னைக்கு வந்து அவர்கிட்ட ஒரு மன்னிப்புக் கேளு, அதோட விட்டுருதேன்” என்றார் மாமா பத்திரகாளியிடம்.

“எதுக்கு மாமா? அவரு வீட்டுக்குப் பத்திரமாப் போயிட்டாருல்ல? அதுக்கா?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். தங்கச்சியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா அன்று முழுக்க அழுதாள். பத்திரகாளி சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலதிகாரிகளிடம் இருந்து விசாரணையும் வந்தது. விருந்தாளியின் தரப்பில் புகார் கொடுத்திருந்தார்கள். குடும்பத்தில் ஏதோ பகையை மனதில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தடுத்துவிட்டாள் என்று அதில் ஒரு வரி. விசாரிக்க வந்த அதிகாரி அதைப் படித்துக் காட்டினார்.

“டேப் இருக்கு சார். போட்டுக் கேளுங்க. மத்த பைலட்டுங்ககிட்டப் பேசுன குரலுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருந்தா சொல்லுங்க” என்றாள்.

அவர் போட்டுக் கேட்டார். அவள் மீது தவறில்லை என்று முடித்துவிட்டு, முக்கியஸ்தர்களிடம் இன்னும் கொஞ்சம் இணக்கமாக நடந்திருக்கலாம் என்று வாய்மொழியாக ஒரு அறிவுரையும் சொன்னார். “இணக்கமா எப்படி சார் இல்லைன்னு சொல்றது?” என்று அவள் கேட்டாள். சரவணக்குமார் மட்டும், விசாரணையில் தன்னைக் கேட்டபோது, “பொறுப்பை என்னை எடுத்துக்கச் சொன்னாங்க, நான் எடுத்துக்கல. அவங்க செஞ்சதுதான் சரி” என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அவருக்கு அது சின்னக் காரியம் இல்லை என்று பத்திரகாளிக்குத் தெரியும்.

தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, வேலை நாளில், அய்யாதுரை அவள் தங்கியிருந்த அறைக்கு வந்து நின்றார். கையில் சாத்தூர் சேவுப் பொட்டலம். சீசனில் அவர் கம்பெனியை விட்டு வெளியே வந்து அவள் பார்த்ததே இல்லை.

“என்னப்பா, அம்மாவுக்கு ஏதும்…”

“அம்மா நல்லா இருக்கா. நான் வேலைய விட்டுட்டேன்.”

உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மெதுவாகச் சொன்னார். முந்தின நாள், வடக்கே போக வேண்டிய ஆர்டர் ஒன்று பாக்கி இருந்ததாம். லோடு ஏற்ற லாரி வந்து நின்றதாம். மருந்து அடைக்கிற ரூமில் கூடுதலாக ஆள் போடச் சொன்னாராம் ராஜபாண்டியன். எல்லா சீசனிலும் சொல்வதுதான். எல்லா சீசனிலும் அய்யாதுரை தலையாட்டிவிட்டு, வாசலில் நின்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். இந்தத் தடவை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“நாலு பேருக்கு மேல உள்ள விட மாட்டேன் மொதலாளின்னேன். என்னவே, மகளப் பாத்துத் துளுத்துப் போச்சான்னாக. ஆமான்னேன்.”

“ஆமான்னா சொன்னீக?”

“வேற என்ன சொல்ல? உள்ளதுதான. வெடிச்சா மொதல்ல போர்மேனத்தான் பிடிச்சிட்டுப் போவாக, அது வேற. ஆனா அதுக்காகச் சொல்லல. உள்ள உக்காந்திருந்த பொம்பளைகள ஒவ்வொருத்தியாப் பேரச் சொல்லி எண்ணிப் பாத்தேன். முடியல. வேற போர்மேனப் பாத்துக்கிடுதேன்னாக. பாத்துக்கோங்கன்னு வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“நான் கம்பெனி கேட்டத் தாண்டுறதுக்குள்ள, கூடுதலா உக்கார வச்ச பொம்பளைக எல்லாரும் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சு வெளிய வந்து வெயில்ல உக்காந்துட்டாக. போர்மேன் இல்லாத ரூம்ல நாங்க கை வைக்க மாட்டோம்னு ஒருத்தி சத்தம் போட்டா. லாரி காலியா நின்னுச்சு.” அவர் முகத்தில் வெட்கம் போல ஒரு சிரிப்பு. “புது ஆளு வந்து, சாயங்காலம் நாலு நாலு பேரா வச்சுத்தான் வேலைய முடிச்சாகளாம். போன் வந்துச்சு.”

பத்திரகாளி சேவுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

“பயமா இருந்துச்சாப்பா?”

“அதான் நிலையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒனக்கு அன்னைக்கு?”

“நான் மேசையப் பிடிச்சுக்கிட்டேன்.”

இருவரும் சேவு தின்றார்கள். அய்யாதுரைக்குத் தாயில்பட்டியில் ஒரு சின்ன யூனிட்டில் வேலை கிடைத்தது. முதல் நாளே அந்த முதலாளியிடம், நாலு பேர் என்றால் நாலு பேர்தான் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்.

தை பிறந்ததும் ராஜபாண்டியன் தன் மகள் ரோஷினிக்கு நிச்சயதார்த்தம் வைத்தார். ஊர் முழுக்கச் சொன்னவர் தங்கச்சி வீட்டுக்குச் சொல்லவில்லை. சண்முகக்கனி மூலையில் உட்கார்ந்துவிட்டாள். “சொல்லாத வீட்டுக்கு எப்படிப் போக?” என்றார் அய்யாதுரை.

“ரோஷினிக்கு அத்தை இல்லாம நிச்சயமா?” என்றாள் பத்திரகாளி. “அவர் சொல்ற நேரத்துக்கு ஹெலிகாப்டரும் கெளம்பாது, அவர் சொல்லலைங்கறதுக்காக நாம நிக்கவும் மாட்டோம். எந்திரிங்க ரெண்டு பேரும்.”

பட்டுப்புடவை, பூ, மஞ்சள், வெற்றிலை, பழம் என்று தாம்பாளம் நிறைய வைத்து அவளே தூக்கிக்கொண்டாள். மண்டப வாசலில் ராஜபாண்டியன் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் கும்பிட்ட கை அப்படியே நின்றது. உள்ளே இருந்து ரோஷினி, “அத்தே!” என்று கத்திக்கொண்டு பட்டுப்புடவை தடுக்க ஓடி வந்து சண்முகக்கனியைக் கட்டிக்கொண்டாள்.

ராஜபாண்டியன் பத்திரகாளியைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. தாம்பாளத்தையும் தாழ்த்தவில்லை.

“என் மேல கோவம் போகலையா மாமா?”

“போகல” என்றார் அவர்.

“சரி. எனக்கும் போகல. எங்கன வைக்கணும் இத?”

அவர் வேறு பக்கம் பார்த்தபடி, “மேடையில வை” என்றார். பிறகு, அய்யாதுரை பக்கம் பார்க்காமலே, “தங்கச்சி மாப்ளைக்கு மொதப் பந்தியில எலை போடச் சொல்லுங்கப்பா” என்று யாருக்கோ உரக்கச் சொன்னார்.

பத்திரகாளி தாம்பாளத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு நடந்தாள்.